ட்ராக்கார்: டேலி, இ-வே பில்லோடு ஒத்துப்போகுமா?

ஓப்பன் சோர்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபிஎஸ் மென்பொருள் ட்ராக்கார். மேப்பில் லாரியைக் காட்டுவதில் குறையில்லை. மற்ற மென்பொருள்களோடு இணைக்கும்போதுதான் வேலை பிடிக்கும். புரோகிராமர் ஆள் இல்லாதவர்கள் இறங்க வேண்டாம்.

ட்ராக்காரின் ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் தகவல் எடுக்கும் வழி) தரும் வேகம் நாட் (கடல் மைல்/மணி) கணக்கில் வரும். 1.852-ஆல் பெருக்க மறந்தால், 65 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி 35 என்று பதிவாகும். நேரமோ யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டாவிட்டால், இரவு 2 மணிக்கு இறக்கிய லோடு முந்தின நாள் கணக்கில் விழும். வாடகை பில்லில் தகராறு இங்கேதான் ஆரம்பிக்கும்.

கணக்கு மென்பொருளான டேலிக்கு, விவரங்களை எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றி, வழக்கமாக 9000 என்ற போர்ட்டுக்கு (டேலி தகவல் வாங்கும் இணைப்பு எண்) அனுப்பலாம். டேலி திறந்திருக்க வேண்டும், கம்பெனியும் லோடாகியிருக்க வேண்டும். அதில் இல்லாத லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) பெயரைக் கொடுத்தால் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) ஏறாது.

உண்மையான பலன், சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லில். சாதாரண சரக்குக்கு அது செல்லுபடியாவது 200 கி.மீ.க்கு ஒரு நாள். நீட்டிக்க, காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரம்தான். மீதித் தூரத்தைப் பார்த்து எச்சரிக்கை வைத்துவிடுங்கள். ஐஎம்இஐ-யோடு (ஜிபிஎஸ் கருவியின் அடையாள எண்) வண்டி எண்ணைப் பொருத்தும் பட்டியலில் 'டிஎன் 38' என்று இடைவெளி விடாதீர்கள்; இ-வே பில்லில் உள்ள எண்ணோடு பொருந்தாமல் போகும்.