7 பேர்ச் சரிவில் ஒரு தட்டா, இரண்டு தட்டா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 7 பேர்ச் காணி கிடைத்தவர்களைக் குழப்புகிற கேள்வி இது. 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 600 சதுர அடி வீட்டை ஒரே தட்டாகப் பரப்புவதா, 300, 300 ஆக மேலே ஏற்றுவதா?

மண்வெட்டு
ஒரு தட்டு: சரிவை ஆழமாக வெட்ட வேண்டும், பின்னால் செங்குத்தாக மண்மேடு நிற்கும். நாங்கள் அப்படித்தான் வெட்டினோம். ஐப்பசி மழையில் குசினிச் சுவரடியில் சிவப்புத் தண்ணீர் கசிந்தது. அரிசி மூட்டையைக் கட்டிலில் தூக்கி வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தோம்.
இரண்டு தட்டு: வெட்டு குறைவு. மிச்ச நிலத்தில் கீரையும் போடலாம்.

செலவு
ஒரு தட்டு: கட்டுமானம் மலிவு. ஆனால் தாங்குசுவர், கான் எல்லாம் சேர்ந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும்.
இரண்டு தட்டு: கொங்கிரீட் தூண், பீம் செலவு சேரும். மேல்தளத்தைப் பலகையில் போட்டால் பாரம் குறையும்.

கூரை
ஒரு தட்டு: தகரம் இரு மடங்கு, 25 மில்லிமீற்றர் மழைக்கு ஏறத்தாழ 1,400 லீற்றர் விழும்.
இரண்டு தட்டு: தகரமும் பாதி, தண்ணீரும் பாதி.

குளிருக்கு இரண்டு தட்டுதான். கீழே அடுப்பெரிந்தால் மேலறையில் இளஞ்சூடு தங்கும்.

முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவோடு, ஓரளவு சமதரையில் இருப்பவர்களுக்கு ஒரு தட்டு. சரிவுக் காணி, வளரும் பிள்ளைகள் என்றால் இரண்டு தட்டையே சொல்வேன். எதுவானாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு கைக்கு வருமுன் மண்ணில் கை வைக்காதீர்கள்.