எந்தக் கம்பிக்கு எந்தக் கார்டு? டிவி டியூனர், ஏவி யுஎஸ்பி, எச்டிஎம்ஐ டாங்கிள்: ஓர் ஒப்பீடு

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் “வீடியோ கேப்சர் கார்டு வேணும்” என்று மட்டும் கேட்டால் (வெளியில் இருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவி அது), ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சாமான்களில் ஏதாவது ஒன்று கைக்கு வரும். ஆன்டெனா கம்பி மாட்டும் டியூனர் ஒன்று. மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் மாட்டும் ஏவி குச்சி இன்னொன்று. பென்டிரைவ் அளவில் இருக்கும் எச்டிஎம்ஐ டாங்கிள் மூன்றாவது. எது வேண்டும் என்பதைப் பெட்டி மேல் அச்சடித்திருக்கும் ‘4கே’, ‘அல்ட்ரா’ போன்ற சொற்கள் சொல்லாது. படம் எந்தக் கருவியில் இருந்து வருகிறதோ, அதன் பின்பக்கத் துளைதான் சொல்லும். கடைக்குப் போகும் முன் அதை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் டியூனர். 2000-களில் பென்டியம் 4 கம்ப்யூட்டரில், பிசிஐ என்னும் பழைய வகை மதர்போர்டு ஸ்லாட்டில் போட்ட டியூனர் கார்டுகள் இன்றும் பலர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவை பிடிப்பது பிஏஎல் பி/ஜி என்னும் பழைய டிவி முறையின் அனலாக் சிக்னலை மட்டும். அந்தச் சிக்னல் இப்போது வீட்டுக்கு வருவதே இல்லை. கேபிள் முழுவதும் டிஜிட்டலாகி, மறையீடு செய்யப்பட்டு செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான் வருகிறது. கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து மொட்டை மாடியில் உயரமாக ஆன்டெனா கட்டிய காலமும் போய்விட்டது. தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் நிலையங்களில் பெரும்பாலானவற்றை 2022 வாக்கில் மூடிவிட்டது. ஆகவே கேபிள்காரர் தரும் கம்பியை நேராக டியூனரில் சொருகி ஸ்கேன் கொடுத்தால் ‘0 சேனல்’ என்றுதான் வரும். கார்டு பழுது என்று எண்ணி இன்னொன்று வாங்குவது வீண் செலவு.

இன்றைக்கு அர்த்தமுள்ள டியூனர் ஒன்றே ஒன்று: டிவிபி-எஸ்2 சாட்டிலைட் கார்டு. டிடி ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. அதில் மறையீடு இல்லாத சேனல்களை இந்தக் கார்டு செட்டாப் பாக்ஸ் இல்லாமலேயே பிடிக்கும். பெரிய ஆதாயம், ஒளிபரப்பாகும் டிஜிட்டல் ஓடை அப்படியே ஹார்டுடிஸ்கில் இறங்குவது. மறுபடி சுருக்குவதில்லை, தரம் குறைவதில்லை. 3 எம்பிபிஎஸ் அளவில் வரும் ஒரு சாதாரண சேனலுக்கு மணிக்கு 1.3 ஜிபி போதும். சேனல் வரவில்லை என்றால் மென்பொருளில் எல்என்பி (டிஷ் முனையில் உள்ள சிக்னல் வாங்கி) அலைவெண்ணை 9750/10600 என்று வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதி சேனல் வந்து பாதி வராவிட்டால் கார்டு எல்என்பிக்குக் கொடுக்கும் 13/18 வோல்ட் மாறாமல் இருக்கலாம். கார்டுக்குத் தனி பவர் பிளக் இருந்தால் அதை மாட்ட மறந்திருப்பீர்கள். பழைய டிவிபி-எஸ் கார்டு மலிவாகக் கிடைத்தாலும் எஸ்2 முறையில் வரும் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளின் ஒளிபரப்புத் தடம்) எதையும் அது காட்டாது.

அடுத்தது மஞ்சள்-வெள்ளை-சிவப்பு. கல்யாண விஎச்எஸ் கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவர்கள்தான் இங்கே அதிகம். தவறான கருவி வாங்கி ஏமாறுகிறவர்களும் இவர்கள்தான். போட்டியில் நான்கு இருக்கின்றன.

பரணில் கிடக்கும் பிசிஐ கார்டுக்கு இங்கே மறுவாழ்வு உண்டு. அதன் டியூனர் செத்தாலும் ஏவி உள்ளீடு சாகவில்லை. பிடி878 அல்லது எஸ்ஏஏ7134 சிப் கொண்ட கார்டு, எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டரில் 720×576 அளவில் நொடிக்கு 25 ஃப்ரேமைச் சிதறாமல் பிடிக்கும். புது போர்டுகளில் பிசிஐ ஸ்லாட் கிடையாது, 64-பிட் விண்டோஸுக்கு டிரைவர் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. பழைய கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால் இதைப் பயன்படுத்துங்கள். இல்லாதவர்கள் தேடிப்போய் வாங்க வேண்டாம். கார்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் தங்க விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிடி878 கார்டுகளில் படம் மட்டும் பிசிஐ வழியாகப் போகும், ஒலி தனியாக ஒரு சிறு வயரில் சவுண்டு கார்டின் லைன்-இன்னுக்குப் போகும். அந்த வயர் தொலைந்திருந்தால் ஊமைப்படம்தான்.

மலிவான ஏவி யுஎஸ்பி குச்சி ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். இதன் தொல்லை, ஒரே மாதிரிப் பெட்டிக்குள் நான்கு விதமான சிப் இருப்பது: எஸ்டிகே1160, யுடிவி007, இஎம்2860, எஸ்எம்ஐ2021. கூட வரும் சின்ன சிடியில் இருக்கும் டிரைவர் உங்கள் சிப்புக்கு உரியது என்ற உத்தரவாதம் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்து, சிப்பின் பெயரைக் கண்டுபிடித்த பிறகு டிரைவர் தேடுங்கள். லினக்ஸில் முதல் மூன்றுக்கும் கெர்னலிலேயே (அதன் மையப் பகுதியிலேயே) டிரைவர் இருப்பதால், விண்டோஸில் முரண்டு பிடிக்கும் குச்சி அங்கே சத்தமில்லாமல் வேலை செய்துவிடும். விண்டோஸ் 10, 11-இல் டிரைவர் ஏறியும் கருவி ஓடவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டகிரிட்டி பாதுகாப்பு அந்தப் பழைய டிரைவரைத் தடுக்கிறதா என்று பாருங்கள். இந்தக் குச்சிகளில் வெளிச்சம் கூடுதலாக ஏறி, மணப்பெண்ணின் வெள்ளிச் சரிகை ஒரே வெள்ளைத் திட்டாகப் போவது சகஜம். பதிவு தொடங்கும் முன்பே பிரைட்னஸைக் குறைத்தால்தான் சரியாகும். வெளுத்துப் பதிவானதைப் பிறகு எடிட்டிங்கில் மீட்க முடியாது.

கொஞ்சம் விலை கூடிய ஏவி குச்சிகளில் ஹாப்பாஜ் யுஎஸ்பி-லைவ்2 நம்பத்தகுந்தது. டிரைவர் குழப்பம் குறைவு, வெளிச்சம் சீர். பத்து கேசட்டுக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் இதற்குப் போவதே கணக்குக்கு ஒத்துவரும்.

நான்காவது, ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ பெட்டியை வாங்கி அதன் பின்னால் எச்டிஎம்ஐ டாங்கிளைச் செருகும் வழி. டிரைவர் தொல்லை இல்லை என்பதால் பலர் இதில் விழுகிறார்கள். விஎச்எஸ் படம் நொடிக்கு 50 அரைப்படங்களாக வருகிறது. மலிவான பெட்டி அவற்றை அவசரமாகக் கலந்து 1080-ஆக இழுத்து 60 ஃப்ரேமாக்கித் தள்ளும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் ஆட்கள் திக்கித் திக்கி நடப்பார்கள். 4:3 படம் பக்கவாட்டில் இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். இதன் விலை ஏவி குச்சியைவிடக் குறைவும் இல்லை. வேண்டாம்.

எந்தக் குச்சியானாலும் அமைப்பு ஒன்றுதான்: ஸ்டாண்டர்டு பிஏஎல்_பி, அளவு 720×576, 25 ஃப்ரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது அல்லது மேலும் கீழும் உருள்கிறது என்றால் மென்பொருள் என்டிஎஸ்சி என்னும் அமெரிக்க டிவி முறையில் நிற்கிறது. விர்ச்சுவல்டப் மென்பொருளில், தரம் கெடாமல் சுருக்கும் ஹஃப்யூவ் அல்லது லகரித் போட்டுப் பிடிப்பது நல்லது. மணிக்கு ஏறக்குறைய 30 ஜிபி ஆகும். சுருக்காமல் பிடித்தால் 75 ஜிபி. ஏழெட்டு நிமிடத்தில் பதிவு தானாக நின்றுவிட்டால் கருவியைத் திட்டாதீர்கள். ஹார்டுடிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கிறது, ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றுங்கள். முதல் கேசட்டில் பத்து நிமிடம் பிடித்து, விழுந்த ஃப்ரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். கூடிக்கொண்டே போனால் குச்சியை யுஎஸ்பி ஹப்பில் இருந்து கழற்றி மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். எழுதும் ஹார்டுடிஸ்கை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அப்படியும் குறையவில்லை, படத்தின் மேல் விளிம்பு கொடி மாதிரி வளைகிறது என்றால் குற்றம் கேசட் ஓட்டும் விசிஆரில் இருந்து வரிகள் நேரம் தவறி வரும் தள்ளாட்டத்தில் இருக்கிறது. பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டர் பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். விசிஆருக்கும் குச்சிக்கும் நடுவில் அதை மாட்டினாலே வரிகள் நிமிர்ந்துவிடும், டிவிடி எழுத வேண்டியதில்லை. படத்தின் அடியில் சில வரிகள் கலங்கித் தெரிவது பழுதல்ல. டிவியில் சட்டத்துக்குள் மறைந்திருந்தது இங்கே வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கல்யாண கேமராக்களின் ஒலி பெரும்பாலும் மோனோ. வெள்ளைப் பின்னை மட்டும் மாட்டினால் இடது காதில் மட்டும் நாதஸ்வரம் கேட்கும்; எடிட்டிங்கில் இரு பக்கமும் நகல் எடுத்துவிடுங்கள். கேசட் ரீலின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. விசிஆருக்குள் போடாதீர்கள், ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுகளையும் கெடுக்கும்.

ஒரு முக்கியமான விலக்கு. கேசட் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, மினிடிவி (MiniDV) என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். படம் ஏற்கெனவே டிஜிட்டல். கேமராவின் ஃபயர்வயர் துளையில் இருந்து ஃபயர்வயர் பிசிஐ-இ கார்டுக்கு நேராக நகலெடுங்கள், மணிக்கு 13 ஜிபி. ஏவி குச்சி வழியாக எடுத்தால் நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுப்பதாகும். எடிட்டிங்கில் மினிடிவி படத்துக்குக் கீழ் ஃபீல்டு (அரைப்படம்) முதலில் என்றும், ஏவி குச்சிப் படத்துக்குப் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில் என்றும் வையுங்கள். மாற்றி வைத்தால் அசைவு முன்னும் பின்னும் நடுங்கும்.

இனி எச்டிஎம்ஐ. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று நேரலை கொடுக்கிறவர்களுக்கு இதுதான். கடையில் கிடைக்கும் மலிவான டாங்கிளில் பெரும்பாலும் எம்எஸ்2109 சிப் இருக்கும். பெட்டியில் எழுதியுள்ள ‘4கே’ உள்ளே வாங்கும் அளவு மட்டும். கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது 1080-இல் 30 ஃப்ரேம், அதுவும் எம்ஜேபெக் சுருக்கத்தில். காரணம் எளிய கணக்கு: சுருக்காத 1080-இல் 30 ஃப்ரேமுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1000 மெகாபிட் வேண்டும், யுஎஸ்பி 2.0-இன் முழு வேகமே 480. பிளக்கின் நாக்கு நீல நிறத்தில் இருப்பதைப் பார்த்து யுஎஸ்பி 3.0 என்று நம்பாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் பிஐடி (கருவியின் அடையாள எண்) 2109 என்று இருந்தால் உள்ளே பழைய சரக்குதான். யுஎஸ்பி 3.0 கொண்ட எம்எஸ்2130 டாங்கிள் விலை கொஞ்சம் கூட, ஆனால் 1080-இல் 60 ஃப்ரேம் உண்மையாகவே தரும். ஒற்றைக் கேமரா வைத்துப் பேச்சுக் கூட்டம் எடுப்பவருக்கு 2109 போதும். ஜல்லிக்கட்டு எடுப்பவருக்குப் போதாது. வாடிவாசலில் இருந்து மாடு பாயும் வேகத்துக்கு 30 ஃப்ரேம் மங்கிப் போகும்.

2109-இன் ஒலியும் ஒரு வில்லங்கம். விண்டோஸ் அதை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று காட்டும். மேடை மிக்சரில் இருந்து ஒலியைத் தனியாக யுஎஸ்பி சவுண்டு கார்டில் வாங்கிக்கொள்வது மேல். கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து, கைதட்டும் படமும் ஒலியும் எத்தனை மில்லிநொடி தள்ளிப் போகிறது என்று பார்த்து, நேரலை மென்பொருளான ஓபிஎஸ்-இல் சிங்க் ஆஃப்செட்டில் அதைக் கொடுங்கள்.

டாங்கிளைச் செருகியும் ஓபிஎஸ்-இல் ஒன்றும் வராவிட்டால் முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய்க் கேமரா, மைக் இரண்டுக்கும் டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்கு இந்த டாங்கிளும் ஒரு வெப்கேம்தான். கேமராப் படம் வருகிறது, செட்டாப் பாக்ஸ் படம் மட்டும் கறுப்பு என்றால் அது நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பு, பழுதல்ல. படம் வந்து அரைமணியில் உறைந்தால் சூடு. சித்திரை வெயிலில், தகரப் பந்தலுக்கு அடியில் டாங்கிளை லேப்டாப்புக்கு ஒட்டிச் செருகாதீர்கள். அரை அடி யுஎஸ்பி நீட்டிப்பில் வெளியே தொங்கவிட்டு மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். அலுமினிய உறை உள்ளதை வாங்குங்கள். கேமராவில் 1080/50ஐ (அரைப்படங்களாக அனுப்புவது) இருந்தால் 25பி அல்லது 50பி-க்கு (முழுப்படங்களாக அனுப்புவது) மாற்றுங்கள், ஷட்டர் 1/50 வையுங்கள். 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை ஓடும்.

மண்டபத்தில் மேடைக்கும் மேசைக்கும் இருபது மீட்டர் இருந்தால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் கைவிடும். ஐந்து மீட்டருக்கு மேலேயே சந்தேகம்தான். அங்கே நீளக் கம்பியில் படம் அனுப்பும் எஸ்டிஐ முறையின் பிசிஐ-இ கார்டு ஜெயிக்கிறது. கேமரா முனையில் எச்டிஎம்ஐ-எஸ்டிஐ மாற்றி, நடுவில் செம்புக் கம்பி ஆர்ஜி6 கேபிள், இந்த முனையில் பிளாக்மேஜிக் டெக்லிங்க் மினி ரெக்கார்டர் கார்டு. இரும்பில் செம்பு பூசிய கேபிள்காரர் கம்பி வேண்டாம். இந்தக் கார்டு 1080-இல் 30 ஃப்ரேமுக்கு மேல் வாங்காது. கேமரா 50பி அனுப்பினால் படம் வராது, கார்டு செத்துவிட்டதாக நினைப்பீர்கள். 25பி அல்லது 50ஐ அனுப்புங்கள். 50ஐ என்றால் ஓபிஎஸ்-இல் டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழுப்படமாக்குவது) யாடிஃப் 2எக்ஸ், வெளியீடு 50 ஃப்ரேம் என்று வைத்தால் அசைவு வழுக்கும். 50பி-யே வேண்டும் என்றால் மினி ரெக்கார்டர் 4கே போன்ற கார்டு வாங்க வேண்டும். லேப்டாப் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் உதவாது.

எல்லாக் கார்டுக்கும் பொதுவான ஒரு நோய் இருக்கிறது: படத்தில் மெதுவாக மேலேறும் அகலப் பட்டை, ஒலியில் ‘ம்ம்ம்’ இரைச்சல். இது எர்த் சுற்று, அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே ஓடும் சிறு மின்சாரம். விசிஆர், கம்ப்யூட்டர், மிக்சர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். எர்த் பின்னை வெட்டிவிடும் குறுக்குவழி வேண்டாம். கேபிள் அல்லது டிஷ் கம்பியைக் கார்டில் மாட்டும்போது விரலில் சுருக்கென்று கடித்தால் அந்தக் கம்பியில் கசிவு மின்சாரம் இருக்கிறது; ஜங்ஷன் பாக்ஸைச் சரிபார்க்காமல் மாட்டினால் கார்டோடு மதர்போர்டும் போகும். ஐப்பசி மழையில் இடி நெருங்கும் முன்பே பவரை அணையுங்கள்; அது மட்டும் போதாது, டிஷ் கம்பியைக் கார்டில் இருந்து திருகிக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.