மே 1972: மாஸ்கோ மாநாட்டை ரத்து செய்வதா, சோவியத் தரப்பே செய்யட்டும் என்று விடுவதா?

1972 மார்ச் 30 அன்று வட வியட்நாம் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. மே 1-க்குள் தெற்கு வியட்நாமின் குவாங் ட்ரி நகரம் கைவிட்டுப் போனது. மே 22-ல் அமெரிக்க அதிபர் நிக்சன், சோவியத் தலைவர் பிரெஷ்னேவுடனான உச்சி மாநாட்டுக்காக மாஸ்கோவில் இருக்க வேண்டும். அதற்குள் வட வியட்நாமின் ஹைஃபாங் துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டால் சோவியத் கப்பல்களுக்கும் வழி அடைபடும். நிக்சனுக்கும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கருக்கும் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, பொறுத்துப் போவது. சோவியத் கொடுத்த டாங்கிகளுடன் வட வியட்நாம் தெற்கே முன்னேறும்போது மாஸ்கோவில் விருந்து சாப்பிட நிக்சனால் முடியாது. அதனால் இது பேச்சிலேயே அடிபட்டுப் போனது.

இரண்டாவது, குண்டு போடுவதற்கு முன் மாநாட்டைத் தாங்களே ரத்து செய்வது. ஆரம்பத்தில் இருவரும் இந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள். காரணம் 1960. அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் சோவியத் மண்ணில் வீழ்ந்தபின், அன்றைய அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்த அழைப்பைச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் திரும்பப் பெற்றார். அன்று துணை அதிபர் நிக்சன். தேர்தல் ஆண்டில் அந்த அவமானம் வேண்டாம் என்பது கணக்கு. ஆனால் இதில் பழி முழுக்க வாஷிங்டன் தலையில் விழும்.

மூன்றாவதை அழுத்திச் சொன்னவர் நிதியமைச்சர் ஜான் கானலி: அடியுங்கள், ரத்து செய்யும் சங்கடம் மாஸ்கோவுக்கு இருக்கட்டும். என் பார்வையில் இதுதான் கெட்டிக்கார வழி. பிப்ரவரியில் நிக்சன் மாஸ்கோவின் போட்டியாளரான சீனாவின் பெய்ஜிங்குக்குப் போய் வந்திருந்தார். மாஸ்கோ மேற்கு ஜெர்மனியுடன் செய்த ஒப்பந்தம் அந்த மாதமே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. பிரெஷ்னேவுக்கும் மாநாடு தேவைப்பட்டது. மே 8 இரவு நிக்சன் கண்ணிவெடி போடுவதை அறிவித்தார். மாஸ்கோ கண்டித்தது, ரத்து செய்யவில்லை.

சரி, ஒரு வாரம் கழித்து, மே 15 அன்று, அதிபர் தேர்தல் வேட்பாளராக இறங்கியிருந்த ஜார்ஜ் வாலஸ் மேரிலாந்தில் சுடப்பட்டார். வேட்பாளர்களைக் காக்கும் ரகசியக் காவல் படை அப்போது நிதித்துறையின் கீழ்தான் இருந்தது. பொறுப்பு மறுபடி கானலியிடம். 1963-ல் டல்லாஸில் அதிபர் கென்னடியின் காரில் குண்டடி பட்டவரும் அவரே.

இங்கேயும் இரண்டு வழிகள் இருந்தன, நிக்சன் இரண்டையும் பிடித்துக்கொண்டார். வெளியே, வேட்பாளராக இல்லாத, கென்னடியின் தம்பி எட்வர்ட் கென்னடிக்கும் பாதுகாப்பு, மருத்துவமனைக்குப் போய் வாலஸிடம் நலம் விசாரிப்பு. உள்ளே, சுட்டவனை எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கவர்ன் பக்கத்து ஆளாகக் காட்ட முடியுமா என்று உதவியாளர் கோல்சனுடன் பேச்சு, ஒலிநாடாவில் இருக்கிறது. அது வெறும் அற்பத்தனம். சுட்டவனான ஆர்தர் பிரெமர் ஏப்ரலில் ஒட்டாவா வரை பின்தொடர்ந்தது நிக்சனைத்தான். காவல் பலமாக இருந்ததால் நெருங்க முடியாமல் வாலஸ் பக்கம் திரும்பியிருந்தான்.

மே 26 அன்று மாஸ்கோவில் ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஹைஃபாங்கில் கண்ணிவெடிகள் அப்படியே கிடந்தன.