பழைய மடிக்கணினிக்கு 8 ஜி.பி. ரேம்: சேலத்தில் இரண்டு கடைகள்

ஏற்காட்டில் மூன்று சிறு காப்பித் தோட்டங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் கூலிப் பட்டியல், எடைச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தளம் என எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் திறந்திருக்க வேண்டும். 2018இல் வாங்கிய என் மடிக்கணினி அந்த நேரம் பார்த்துத்தான் உறைந்துபோகும். அதற்கு 2024 ஜனவரியில் கூடுதல் ரேம் (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) வாங்கினேன். எதை வாங்குவது என்று தேர்ந்தெடுத்த விதத்தையும், சேலத்தில் ஒரு கடையில் ஏமாந்து இன்னொரு கடையில் சரியான பொருளைப் பெற்றதையும், அந்தப் பொருள் இதுவரை உழைத்திருப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், குறை உண்மையில் ரேமில்தானா என்று பார்த்துக்கொள்வது அவசியம். எனக்கு அறிவுரை சொன்ன பலரும் "எஸ்.எஸ்.டி. போடுங்கள், பறக்கும்" என்றார்கள். பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் அந்த வேகமான சேமிப்பகத்தை நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். அப்படியும், கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு அடிக்கடி 100 விழுக்காட்டைத் தொட்டது. ரேமில் இடம் இல்லாதபோது விண்டோஸ் தன் சுமையின் ஒரு பகுதியை டிஸ்கில் உள்ள பேஜ் கோப்புக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் எடுத்துக்கொள்கிறது என்பதால், நோய் ரேமில் இருக்க, அறிகுறி டிஸ்கில் தெரிகிறது. அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் 'கமிட்டெட்' என்று ஓர் எண் வரும்; திறந்திருக்கும் நிரல்களுக்கு விண்டோஸ் ஒதுக்க ஒப்புக்கொண்ட மொத்த நினைவகம் அது. பறிப்புக் காலத்து வேலை முழுவதையும் திறந்துவைத்துப் பார்த்தபோது அது 8.9 ஜி.பி. காட்டியது, கணினியில் இருந்ததோ வெறும் 4 ஜி.பி. எவ்வளவு ரேம் வேண்டும் என்ற கேள்விக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வோர் எண்ணைச் சொல்வார்கள். உங்கள் வேலைக்கு உங்கள் கணினியே சொல்லும் எண் இதுதான். மொத்தம் 8 ஜி.பி. ஆனாலும் எனக்குப் போதாது, 12 ஜி.பி. இருந்தால் தாராளம் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அடுத்தது, பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டு எதை ஏற்கும் என்பது. என் கணினியில் 4 ஜி.பி. போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, அதோடு ரேம் தகட்டைச் செருக ஒரு காலி ஸ்லாட் உண்டு. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் முழுவதும் பற்றவைக்கப்பட்டு ஸ்லாட்டே இருக்காது. ஆகவே டாஸ்க் மேனேஜரில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் வரியோடு நின்றுவிடாமல், தயாரிப்பாளரின் கையேட்டையும் பார்த்துவிட வேண்டும். என் செயலி இன்டெலின் எட்டாம் தலைமுறை ஐ5-8250யு, அது டி.டி.ஆர்.4 எனும் நான்காம் தலைமுறை நினைவகத்தை 2400 வேகம் (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்) வரை ஏற்கும். மடிக்கணினிக்கான டி.டி.ஆர்.4 தகட்டில் 260 முனைகள் இருக்கும், மின்னழுத்தம் 1.2 வோல்ட். டி.டி.ஆர்.3க்கு 204 முனைகள், டி.டி.ஆர்.5க்கு 262. கீழ்விளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால், தவறான வகையை ஸ்லாட்டில் இறக்கவே முடியாது.

வேகத்தைப் பற்றி மட்டும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடைகளில் இப்போது எளிதாகக் கிடைப்பது 3200 வேகத் தகடு. 2400 மட்டுமே ஏற்கும் கணினியில் அதைப் போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. தகட்டில் உள்ள சின்னஞ்சிறு சில்லு தன்னால் எந்தெந்த வேகங்களில் ஓட முடியும் என்று கணினிக்குத் தெரிவிக்கும், கணினி தனக்கு ஏற்ற 2400ஐ எடுத்துக்கொள்ளும். 3200க்கென்று கூடுதல் காசு கொடுப்பதுதான் வீண்.

எட்டா, பதினாறா என்பதில் நான் எட்டை எடுத்தேன். போர்டில் உள்ள 4 ஜி.பி.யும் புதிய 8 ஜி.பி.யும் அளவில் வேறுபட்டாலும், இன்டெல் செயலி இரண்டிலிருந்தும் நான்கு நான்காக எடுத்து 8 ஜி.பி. வரை இரட்டைத் தடத்தில் (இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு எடுக்கும் விரைவான முறையில்) ஓட்டும்; மீதி 4 ஜி.பி. ஒற்றைத் தடத்தில் ஓடும். பதினாறு போட்டிருந்தாலும் இரட்டைத் தடத்தில் வருவது அதே 8 ஜி.பி.தான், மீதி 12 ஜி.பி. ஒற்றைத் தடம். படத்தொகுப்பு செய்பவர்களுக்குப் பதினாறு பொருந்தும். என் வேலைக்கு அது அதிகம்.

முதலில் போன கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கவுண்டரில் இருந்த தம்பி என் மாடல் எண்ணைக்கூடக் கேட்கவில்லை. "ரேம் எல்லாம் ஒன்னுதாங்க அக்கா, எதைப் போட்டாலும் ஓடும்" என்று சொல்லி, பெட்டியோ உறையோ இல்லாத ஒரு தகட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். லேபிளின் ஒரு மூலை கிழிந்திருந்தது. விலை 1,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் '8 ஜி.பி. ரேம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். நான் அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். மாலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பொருத்தி வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டேன்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கூலிப் பட்டியலின் நடுவே, விண்டோஸ் பிழையால் நின்றுபோனதைக் காட்டும் நீலத்திரை வந்தது, மறுநாள் இரண்டு முறை. மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனை நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கி, இரவு முழுதும் ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் திரையில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள். பிறகு புதிய தகட்டைக் கழற்றிவிட்டு, போர்டில் உள்ள 4 ஜி.பி.யை மட்டும் வைத்து மறுபடியும் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. இந்த இரண்டாம் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பற்றவைத்த ரேமில் கோளாறு என்றால் அது மதர்போர்டுச் செலவு. கழற்றக்கூடியதில் கோளாறு என்றால் தகட்டை மாற்றினால் முடிந்தது.

சேலத்துக்கு இறங்கி அந்தக் கடையில் சொன்னபோது, தகட்டின் பொன்முனைகளைப் பள்ளிப்பிள்ளைகளின் அழிரப்பரால் நன்றாகத் தேய்த்து, "இப்பப் போட்டுப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். முனையில் படிந்த அழுக்குதான் காரணம் என்றால் அந்த வைத்தியம் பலிக்கும். மலையின் ஈரக்காற்றில் அப்படி நடப்பதும் உண்டு. சில்லே பழுதாக இருக்கும்போது ரப்பர் எதுவும் செய்யாது. மூன்றாம் முறை போனபோது, கழற்றி மாட்டியதால் வாரண்டி கிடையாது என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை மூன்று முறை ஏறி இறங்கியதும், கையை விட்டுப் போன 1,500 ரூபாயும்தான் மிச்சம். சிறு தொகைதான் என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பறிப்புக் காலத்தில் ஒரு தோட்டத்தின் ஒரு வாரக் கணக்கை நான் மறுபடியும் உட்கார்ந்து போட வேண்டியிருந்தது.

இரண்டாவது கடை ஐந்து ரோட்டுப் பக்கம், மாடியில் ஒரே அறை. உரிமையாளர் என் கணினியைத் திறந்து ஸ்லாட்டைப் பார்க்கும்வரை விலையே சொல்லவில்லை. அடிமூடியில் இருந்த பதினொரு திருகாணிகளையும், நீளமானதும் குட்டையானதும் கலந்துவிடாதபடி, ஒரு வெள்ளைத்தாளில் மூடியின் வடிவத்திலேயே அடுக்கிவைத்தார். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, உலோக மேசைக்காலைத் தொட்டுவிட்டுத்தான் தகட்டைக் கையில் எடுத்தார். அதைச் சாய்வாக ஸ்லாட்டில் செருகி, பொன்முனைகள் வெளியே தெரியாதவரை உள்ளே தள்ளி, பிறகு மெல்லக் கீழே அழுத்தியபோது இருபக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடித்துக்கொண்டன.

அவர் காட்டிய தகடு க்ரூஷியல் நிறுவனத்தின் 8 ஜி.பி. டி.டி.ஆர்.4-3200, மூடிய உறையில். அதன் லேபிளில் '1ஆர்எக்ஸ்8' என்று இருந்ததைச் சுட்டிக்காட்டி, இருபுறமும் சேர்த்துச் சில்லுகளை எண்ணச் சொன்னார், எட்டு. அதே 8 ஜி.பி. '1ஆர்எக்ஸ்16' என்ற அமைப்பிலும் வருகிறது, அதில் நான்கே சில்லுகள் இருக்கும் (கடைசி எண் சில்லுகளின் எண்ணிக்கை அல்ல, ஒரு சில்லு ஒரே நேரத்தில் தரும் பிட்டுகள்). எட்டுச் சில்லுத் தகட்டில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் தரவு எடுக்கும் தொகுதிகள் நான்கு, நான்கு சில்லுத் தகட்டில் இரண்டு. ஆகவே முன்னது சற்றே விரைவு. அன்றாட வேலையில் இது பெரிதாகத் தெரியாது. ஆனாலும் விலை ஒன்றாக இருக்கும்போது எட்டுச் சில்லை எடுப்பதே முறை. இதை எனக்குச் சொல்லித்தந்த ஒரே கடைக்காரர் அவர்தான்.

பொருத்திய பின், கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சி.பி.யூ.-இசட் நிரலில் இரட்டைத் தடம் என்று வருவதையும், வேகம் 1200 மெகாஹெர்ட்ஸ் என்று இருப்பதையும் காட்டினார், டி.டி.ஆர். நினைவகம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் அது 2400தான் என்று, நான் கேட்காமலே விளக்கினார். ஒரு சுற்று மெம்டெஸ்ட் ஓடி முடியும்வரை என்னை உட்காரச் சொன்னார். கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பில்லில் தகட்டின் சீரியல் எண்ணை எழுதி, பொருத்துகூலி 150ஐத் தனியாகக் காட்டி, மொத்தம் 2,000 ரூபாய் வாங்கினார். காத்திருக்க வைத்தார் என்பதைத் தவிர அந்தக் கடையின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்தக் காத்திருப்புக்கும் நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பறிப்புக் காலங்கள் முழுதாக ஓடியிருக்கின்றன. நீலத்திரை ஒருமுறைகூட வரவில்லை. எல்லாவற்றையும் திறந்துவைத்தாலும், ரேமில் உண்மையில் நிரம்பும் அளவு (இது 'கமிட்டெட்' எண் அல்ல) ஏழரை ஜி.பி.க்கு மேல் போவதில்லை. டிஸ்க் அமைதியாக இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தபோது இதே கணினியில் விண்டோஸ் 11 ஏற்றினேன். அதற்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜி.பி. என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும், பழைய 4 ஜி.பி.யோடு அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

இப்போது வாங்கப் போகிறவர்கள் நான் கொடுத்த விலையை அளவாகக் கொள்ள வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனமும் க்ரூஷியல் என்ற பெயரில் நேரடியாக நுகர்வோருக்கு விற்பதை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. அதனால் சீரியல் எண் எழுதிய பில்லை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தோட்டக் கணக்குப் புத்தகங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.