லினேஜ் ஓஎஸ் 21: பழைய கைபேசியில் புதிய ஆண்ட்ராய்டு

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஆளுக்கொரு கைபேசி இருப்பது போக, லாட் வாரியாகத் துணியைப் படம் எடுத்து வாட்ஸப்பில் சாயப்பட்டறைக்கு அனுப்புவதற்கென்று மேசைமேல் பொதுவாக ஒன்று கிடக்கும். எங்கள் செக்கிங் பிரிவில் கிடப்பது, 2018-இல் ஆண்ட்ராய்டு 8.1 ஓரியோவுடன் விற்பனைக்கு வந்த கருவி. அதைத் தயாரித்த நிறுவனம் ஆண்ட்ராய்டு 10 வரை கொடுத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டது. திரையும் பேட்டரியும் நன்றாக இருக்க, மென்பொருள் மட்டும் பழசாகிப்போன அக்கருவியில், ஆண்ட்ராய்டின் திறந்த நிரலை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் இயங்குதளமான லினேஜ் ஓஎஸ் 21-ஐ ஏற்றிப் பல மாதங்களாகப் புழங்கி வருகிறோம்.

பதிப்பு எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. லினேஜ் எண்ணிலிருந்து ஏழைக் கழித்தால் ஆண்ட்ராய்டு எண் வந்துவிடும்: 14.1 என்பது நௌகட் 7.1, 16 என்பது பை 9, எங்களிடமுள்ள 21 என்பது ஆண்ட்ராய்டு 14. இந்த ஏழு, லினேஜுக்கு முன்னோடியான சயனோஜென்மாடிலிருந்து வந்த சொத்து. ஸ்டீவ் கோண்டிக் 2009-இல் தொடங்கிய அத்திட்டம் தன் வெளியீடுகளுக்குத் தனி வரிசை வைத்திருந்தது. கூகுள் 2011 முதல் 2013 வரை 4.0, 4.1, 4.4 என்று நான்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தபோது, அது 9, 10, 11 என்று ஏறிவிட்டது. 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் நின்றுபோனதும், அதன் நிரல்களை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் தொடர்ந்ததே லினேஜ்.

பழைய கருவிகளுக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து கிடைக்கும் என்ற வாக்குறுதியை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறோம். 2014 செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் கருவிகளோடு ஆண்ட்ராய்டு ஒன் என்ற கூகுள் திட்டம் இந்தியாவில்தான் முதலில் வந்தது. மலிவு விலைக் கைபேசிக்கும் கூகுளின் புதுப்பிப்பு நேராக வரும் என்பதே அதன் கவர்ச்சி. பிறகு வந்த ஆண்ட்ராய்டு கோ, குறைந்த ரேம் உள்ள கருவிகளுக்காகச் செயலிகளை இளைக்க வைத்ததே தவிர, ஒரு கருவிக்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு என்ற கேள்வியைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது. அந்தக் கேள்விக்குச் செயலில் பதில் சொல்லியிருப்பது, என் கணிப்பில், லினேஜ்தான்.

ஆனால் எல்லாப் பதிப்பும் எல்லாக் கருவிக்கும் வந்துவிடாது. ஆண்ட்ராய்டு 12-இல் இணையப் போக்குவரத்தைக் கையாளும் முறை மாறி, கெர்னலில் (வன்பொருளோடு பேசும் அடிப்படை நிரல்) அதற்கான இபிபிஎஃப் என்ற வசதி கட்டாயமானதால், பழைய கெர்னல் கொண்ட கருவிகள் பல லினேஜ் 18.1-உடன் நின்றுவிட்டன. இன்னொரு கோடு ஓரியோவில் விழுகிறது. வன்பொருள் சார்ந்த பகுதியை ஆண்ட்ராய்டின் மற்ற பகுதியிலிருந்து பிரித்துவைக்கும் ட்ரெபிள் ஏற்பாடு 8.0-உடன் வந்ததால், அப்பதிப்போடோ அதற்குப் பிறகோ விற்பனைக்கு வந்த கருவிகளுக்குப் புதிய பதிப்பைத் தைத்துக் கொடுப்பது சற்று எளிது.

பயன்பாட்டில் முதலில் தெரிவது வெறுமை. விளம்பரம் காட்டும் செயலியோ, நீக்க முடியாத விளையாட்டோ இல்லை. கூகுளின் செயலிகள்கூட இல்லை, வேண்டுமானால் ஏற்றும்போதே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளரின் மென்பொருளில் திறக்கத் திணறிய வாட்ஸப் இப்போது தட்டியதும் திறக்கிறது. கேமராவில்தான் இழப்பு. தயாரிப்பாளர் தன் கேமரா செயலியில் வைத்திருந்த பட மெருகூட்டல் அவருடைய தனிச்சொத்து என்பதால் அது கூடவே வராது. மெரூன் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் செங்கல் நிறத்துக்குப் போகிறது. சன்னலோரம் கொண்டுபோய், பக்கத்தில் ஷேடு கார்டை (நிற மாதிரி அட்டை) வைத்து எடுத்தால்தான் பட்டறைக்காரர் ஒப்புக்கொள்கிறார். தையல் பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை போன்றவற்றைக் காட்ட இந்தக் கேமரா தாராளமாகப் போதும்.

பணம் அனுப்பும் கைபேசியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லினேஜை ஏற்ற, கருவியைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த கருவி, மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் நேர்மைச் சோதனையில் தேறாமல் போகும் என்பதால், வங்கிச் செயலிகள் சில திறக்கவே மறுக்கும். இன்று திறப்பது அடுத்த புதுப்பிப்புக்குப் பிறகும் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஏற்றும் வேலை, கணினியில் கட்டளை வரியைத் தொட்டுப் பழகியவருக்கு ஒரு மாலைப் பொழுதுக்குள் முடியும். பூட்லோடரைத் திறக்கும் கணத்தில் கருவியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே பழைய லாட் படங்களை முதலில் நகலெடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பின் வரும் சிறு புதுப்பிப்புகளைக் கருவியே இறக்கிக்கொள்ளும், ஆனால் 21-இலிருந்து 22-க்குப் போவது போன்ற பெரிய தாவலுக்கு மறுபடி கேபிளும் கணினியும் வேண்டும்.

இதற்கென்றே கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ பழைய கைபேசி வாங்க நினைப்பவர்கள், லினேஜ் தளத்தின் கருவிப் பட்டியலில் அந்த மாடலின் குறிப்பெயர் (விற்பனைப் பெயரல்லாத உள்பெயர்) இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே தேடிப் பார்க்கலாம். ஒரே பெயரில் வேறு வேறு சிப்புடன் வந்த மாடல்கள் உண்டு. ஒன்றுக்கு உரியது இன்னொன்றில் ஏறாது. பூட்லோடரைத் திறக்கத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்பதையும், ஜியோ சிம் போடுவதாக இருந்தால் வோல்டி (4ஜி வழியே குரல் அழைப்பு) வேலை செய்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்; ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது என்பதால், வோல்டி இல்லாத கருவியில் வழக்கமான அழைப்பு போகாது.