கிரீட் தீவில் 'கடலோர நடை' வாடகை வீடு: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கிரீஸில் விடுமுறைக்கு வீடு தேடுகிறவர்கள், அதிலும் வயதான பெற்றோரையோ சின்னக் குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கிரீட் தீவின் தென்மேற்குக் கரையில் சூயா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதற்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்துத்தான் நாங்கள் ஏமாற்றப்பட்டோம்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: கடற்கரைக்கு 10 நிமிடம், லிஸ்ஸோஸ் இடிபாடுகளுக்கு 25 நிமிடக் கடலோர நடை, எல்லா வயதினருக்கும் ஏற்றது. கூடவே இளஞ்சிவப்பு மணலும் முழங்கால் ஆழத் தண்ணீருமாக ஒரு படம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் பணம் கட்டும் முன்பே வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன். "வழி சமதளம்தான், எங்கள் ஊர்ப் பாட்டிகளே தினமும் நடப்பார்கள்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தது பின்னால் உதவியது.

போய்ப் பார்த்தால், 10 நிமிடம் என்றது காரில். கால்நடையாக இறங்குவதென்றால் நடைபாதையே இல்லாத கொண்டையூசி வளைவுச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. படத்தில் இருந்த கரையும் சூயா அல்ல, எலாஃபோனிஸி. அது தீவின் மேற்கு முனையில் இருக்கிறது, மலையைச் சுற்றிக்கொண்டு காரில் போகவே ஒன்றரை மணி நேரம் தாண்டிவிடும். சூயாவின் கரை நீளமானது, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, அந்த ஊர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது சாம்பல் நிறக் கூழாங்கல் கரை. நாலடி வைத்தால் ஆழம் வந்துவிடுகிறது. மணலில் விளையாடலாம் என்று வாளியும் கரண்டியுமாக வந்த பையனுக்கு என்ன சொல்வது?

லிஸ்ஸோஸ் விஷயம்தான் இன்னும் மோசம். அது பழங்காலத் துறைமுக நகரம். மருத்துவக் கடவுளான அஸ்க்லிபியோஸுக்கு அங்கே கோயில் இருந்தது, ஊற்றுத் தண்ணீரைத் தேடி நோயாளிகள் வந்திருக்கிறார்கள். 1950களின் கடைசியில் தோண்டியபோது கிடைத்த சிலைகள் அதே தீவின் ஹானியா நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அம்மா இதைப் படித்துவிட்டு ஆசையாகக் காத்திருந்தார். சூயாவிலிருந்து அங்கே போகும் ஈ4 என்ற ஐரோப்பிய நெடுந்தூர நடைபாதை ஒரு பொதுப்பாதை. பாறையிலும் கம்பத்திலும் மஞ்சள், கறுப்புக் குறி போட்டிருக்கும். யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதை எங்களிடம் சொல்லாமல், "வழி குழப்பமாக இருக்கும், என் உறவுக்காரப் பையன் வழிகாட்டியாக வருவான், திரும்பி வரப் படகும் ஏற்பாடு செய்கிறேன்" என்று ஆளுக்கு 40 யூரோ ரொக்கமாக வாங்கிக்கொண்டார் வீட்டுக்காரர். வந்த பையன் ரப்பர் செருப்பு போட்டிருந்தான். துறைமுகத்துக்குப் பின்னால் பாதை தொடங்கும் இடத்தில் நின்று, "குறியைப் பார்த்து நேரே போங்கள், படகு மதியம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பெயர்தான் கடலோர நடை. தொடக்கத்திலேயே பாதை கடலை விட்டு விலகி, அரளிப் புதர் மண்டிய ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நல்ல நிழல், அதுவரை சரி. அப்புறம் பைன் மரங்களுக்கு நடுவே சரளைக் கல்லில் ஏற்றம். மேலே ஏறினால் நிழலே இல்லாத மேட்டுநிலம். அதையும் தாண்டினால் லிஸ்ஸோஸ் விரிகுடா கீழே தெரியும். அங்கிருந்து இறங்கும் வழியில் கல் காலடியில் உருளும். பழக்கமுள்ளவர்களுக்கே சுமார் ஒன்றரை மணி நேர நடை இது. திரும்பப் படகு இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில், பக்கவாட்டில் கால் வைத்து என் தோளைப் பிடித்தபடி இறங்கினார் அம்மா.

கோயில் தரையில் கல்பதித்த ஓவியம் இன்னும் இருக்கிறது. மேற்குச் சரிவில் ரோமானியர் காலக் கல்லறைகள், வளைகூரையோடு, சின்னச் சின்ன வீடுகள் போல வரிசையாக நிற்கின்றன. நிம்மதியாகப் பார்த்திருக்க வேண்டிய இடம். ஆனால் மதியம் போய் வெயில் சாயத் தொடங்கியும் படகு வரவில்லை. அந்த விரிகுடாவில் கடை கிடையாது. கைபேசியில் சிக்னலும் இல்லை. கடைசியில் அதே ஏற்றத்தைத் திரும்ப ஏறினோம். பாதியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "நீங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போங்கப்பா, நான் மெதுவா வரேன்" என்றார் அம்மா. அவ்வழியாக வந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி தங்கள் தண்ணீரையும் ஊன்றுகோல்களையும் கொடுக்காவிட்டால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மறுநாள் துறைமுகத்தில் படகுக்காரரைப் போய்ப் பார்த்தேன். "என்னிடம் யாரும் சொல்லவே இல்லையே. நேற்று கடலும் அமைதியாகத்தான் இருந்தது" என்றார். படகுக்கு என்று வாங்கிய பணம் படகுக்காரருக்குப் போகவே இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டால், காற்று பலமாக இருந்தது என்று சாதித்தார். பணம் திரும்பி வரவில்லை.

கிளம்பும் நாளில் இன்னொன்று. 'காலநிலை வரி' என்று தலைக்கு, ஒவ்வோர் இரவுக்கும் 8 யூரோ கேட்டார். அப்படி ஒரு கட்டணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது தலைக்கு அல்ல, வீட்டுக்கு. 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை, குறுகிய கால வாடகை வீடு ஒன்றுக்கு நாளுக்கு 8 யூரோ. 80 சதுர மீட்டரைத் தாண்டிய தனி வீடாக இருந்தால் 15. எங்களுடையது சின்ன வீடு. நாலு பேருக்கு நாலு மடங்கு கேட்டிருக்கிறார். ரசீது கொடுங்கள், சுற்றுலாப் போலீஸிடம் காட்டிக் கேட்டுக்கொள்கிறேன் என்றதும் தொகை சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. கிரீஸ் முழுவதும் சுற்றுலாப் போலீஸின் எண் 1571. போனில் பதிந்துகொள்ளுங்கள்.

முன்பதிவு செய்த தளத்தில் புகார் கொடுத்தோம். தூரம் எல்லாம் "உத்தேசமானது" என்று முதலில் கைகழுவினார்கள். 'சமதளம்' என்று வீட்டுக்காரர் எழுதியதையும் எலாஃபோனிஸி படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பிய பிறகுதான் வாடகையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்ததற்கு எந்தச் சான்றும் இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்கள்.

வீடு எடுப்பதென்றால் விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அங்கே வரித்துறை தரும் எண் அது, விளம்பரத்தில் போட்டே ஆக வேண்டும். தூரத்தைவிட உயரத்தைக் கேளுங்கள்: வீடு கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் மேலே, பாதை எத்தனை மீட்டர் ஏறி இறங்குகிறது என்று. படத்தில் இருப்பது எந்தக் கரை என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். இடிபாடுகளுக்கு யாராவது வழிகாட்டியாக வருகிறேன் என்றால் உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கிரீஸில் அந்த வேலைக்கு உரிமம் வேண்டும்.

பெரியவர்களோடு லிஸ்ஸோஸ் பார்க்க வேண்டுமென்றால் சூயா துறைமுகத்துக்குக் காலையிலேயே போய், படகுக்காரரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். திரும்பும் நேரத்தை உறுதி செய்துகொண்டு, அவருடைய எண்ணையும் வாங்கிக்கொண்டு, போகவும் வரவும் படகிலேயே போய்விடுங்கள். தண்ணீரைத் தேவைக்கு இரண்டு மடங்காக எடுத்துச் செல்லுங்கள்.