நான் கேட்டபடியே தைத்துக் கொடுத்துவிட்டார்கள்

போன மாதம் என் பனிச்சறுக்கு ஜாக்கெட் பழுதுபார்க்கப் போய்த் திரும்பி வந்தது. அதே வாரம் சூரிக் பக்கத்து விண்டர்தூரில் இருக்கும் நண்பர் தொலைபேசியில் கேட்டார்: “நீங்கள் தைக்கக் கொடுத்த இடத்திலேயே நானும் கொடுக்கலாமா? இல்லை, கடைகளில் பருவக் கடைசித் தள்ளுபடி போட்டிருக்கிறார்களே, அதில் ஒன்றை எடுத்துவிடலாமா?” அப்போது நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

ஏன் தைக்கக் கொடுத்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் உயரம் 164 சென்டிமீட்டர், மார்புச் சுற்றளவு 104. இந்த இரண்டு எண்களும் சூரிக் கடைகளில் ஒரே ஹேங்கரில் தொங்கி நான் பார்த்ததில்லை. மார்புக்குச் சரியாக எடுத்தால் கை விரல் நுனியைத் தாண்டும். கைக்குச் சரியாக எடுத்தால் ஜிப் தொப்பையில் நின்றுவிடும். சிறுவர் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள் என்று ஒரு விற்பனைப் பெண் அக்கறையோடு சொன்ன நாளில்தான் முடிவெடுத்தேன்.

கிழக்கு சுவிட்சர்லாந்தில் ஒரு சிறிய பட்டறை. மூன்று தையல் இயந்திரங்கள், ஒரு வெட்டு மேசை, ஓர் உரிமையாளர் அம்மாள். மெல்லிய கம்பளி உள்ளாடையும் அதற்கு மேல் ஃபிளீஸும் போட்டு நிற்கவைத்து அளவெடுத்தார். பின்கழுத்து எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை, முழங்கையை மடக்கிய நிலையில். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை, சரிவில் இறங்குவதுபோல் முழங்கால் மடக்கி ஒருமுறை. உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஏதாவது இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “ஆக, உங்களிடமும் அளவு ஜாக்கெட் கேட்டுவிட்டார்கள்” என்று அன்று இரவு முழுவதும் சிரித்தாள். அவளுடைய திருப்பூர்ச் சொந்தங்கள் இன்றும் என்னைப் பார்த்தால் லைனிங் வைத்துத் தைத்தார்களா என்றுதான் விசாரிக்கிறார்கள்.

விலை 640 ஃபிராங்க். காத்திருந்தது ஏழு வாரம்.

நான் தைக்கக் கொடுத்தது சாஃப்ட் ஷெல் வகை. அது என்ன என்று நண்பருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியே இழுத்தால் நீளும் நெய்த துணி, உள்ளே மெல்லிய பொசுபொசுப்பு, மேலே நீர் விலக்கும் பூச்சு. கோர்டெக்ஸ் வகை மழை ஜாக்கெட்டைப்போல் மொடமொடக்காது, அதைப்போல் நீரையும் முழுதாகத் தடுக்காது. தையல் தடங்களின் உட்புறத்தில் நாடா ஒட்டியிருக்க மாட்டார்கள் என்பதால் ஈரப் பனி விழும் நாளில் தோளில்தான் முதலில் நனையும். அது இந்த வகைத் துணியின் இயல்பு, பட்டறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சறுக்கப் போகும் ஃபுளூம்சர்பெர்க் மலையில் மார்ச் மாத வெயிலில், பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில், இதைவிட நல்ல உடை எனக்கு வாய்த்ததில்லை. கைத்தடியை ஊன்றும்போது இடுப்பில் ஏறுவதில்லை. மணிக்கட்டு வெளியே தெரிவதில்லை. விழுந்து எழும்போது முதுகில் பனி இறங்குவதில்லை. நான் அடிக்கடி விழுபவன், ஆகவே இது பெரிய விஷயம்.

இனிப் பாக்கெட்டுக்கு வருகிறேன்.

நான் இடக்கைக்காரன். எழுதுகோலை இடக்கையில் பிடித்தால் பாட்டி “நொட்டாங்கையால் எழுதினால் படிப்பு ஏறாது” என்று குட்டுவார். பந்தியில் தண்ணீர்க் குவளையை இடக்கையால் நீட்டி வசவு வாங்கியிருக்கிறேன். கத்தரிக்கோல், வகுப்பறைச் சாய்மேசை, தோசைக் கரண்டி என்று நாற்பது ஆண்டுகள் வலக்கைக்காரர்களின் பொருள்களோடு மல்லுக்கட்டியாகிவிட்டது. இப்போது ஒருவர் அளவு நாடாவோடு எதிரில் நின்று, உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்கிறார். விடுவேனா? மார்புப் பாக்கெட்டை வலப்பக்கம் வையுங்கள், உள் பாக்கெட்டையும் அப்படியே. சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டின் டிக்கெட் அட்டைக்கென்று இடது முன்கையில் ஒரு சின்னப் பாக்கெட் வைப்பீர்களே, அதை வலது முன்கைக்கு மாற்றுங்கள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “உறுதிதானா?” என்றார். உறுதி என்றேன். தாளில் எழுதிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். ஒரு வாரம் கழித்து, இது வழக்கமில்லாதது, உறுதிசெய்யவும் என்று மின்னஞ்சலும் அனுப்பினார். வலக்கைக்காரர்களின் உலகம் வேறெப்படிப் பேசும் என்று எனக்குக் கோபம் வந்தது. இடக்கைக்காரர்களின் பாடு குறித்து என் அரைகுறை ஜெர்மனில் நான்கு பத்தி எழுதினேன். பதிலுக்கு “நன்றி, குறித்துக்கொண்டோம்” என்று ஒற்றை வரி வந்தது.

பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். லிஃப்ட் வாசலில் அட்டையைப் படிக்கும் கருவி இடப்பக்கம் இருக்கிறது. நான் போன இடங்களில் எல்லாம் இடப்பக்கம்தான். அட்டையை வெளியே எடுக்க வேண்டியதே இல்லை. இடது கையிலோ இடப் பாக்கெட்டிலோ இருந்தால் நடந்து போகும்போதே கதவு திறந்துகொள்ளும். அதற்காகத்தான் பனிச்சறுக்கு ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் அந்தப் பாக்கெட் இடது முன்கையில் இருக்கிறது. நான் முப்பத்தெட்டு வயதில் சறுக்கக் கற்றவன். முதல் இரண்டு ஆண்டுகள் இரவல் கால்சட்டையின் இடப் பையில் அட்டையைப் போட்டுக்கொண்டு போனதால், கதவு ஏன் திறக்கிறது என்று யோசித்ததே இல்லை.

இப்போது கதவு திறப்பதில்லை. காலில் இரண்டு பலகைகள், கையில் இரண்டு தடிகள், பின்னால் ஒரு வரிசை. வலது முன்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது இடுப்பருகே வைத்து, உடம்பைச் சற்று முறுக்க வேண்டும். கூத்து மேடையில் ராஜா வேடக்காரர் இடுப்பு வாளை உருவப் போகிறாரே, அதே நிலை. வாள் வருவதில்லை, பச்சை விளக்கு வருகிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை. என் மகள் என்னைத் தெரியாதவர்போல் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறாள்.

அட்டையை மறுபடியும் கால்சட்டைப் பையில் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போட்டேன். இடப்பக்கக் கால்சட்டைப் பையில் கைப்பேசி இருந்தால் அட்டையைக் கருவி படிக்க மறுக்கிறது. கைப்பேசியை இடம் மாற்றினால் எடுக்கும்போதெல்லாம் தேடுகிறேன். அதோடு, 640 ஃபிராங்க் கொடுத்து ஒரு பாக்கெட் தைத்துக்கொண்டு அதைக் காலியாக வைத்திருக்க மனம் வரவில்லை.

அந்தப் பாக்கெட் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: ரயில். என் லிஃப்ட் டிக்கெட் ஏறியிருப்பது ஸ்விஸ்பாஸ் அட்டையில்தான், ரயிலுக்கும் அதுவே. சூரிக்கிலிருந்து மலையடிவாரத்து உண்டர்டெர்ட்சனுக்குப் போகும்போது பரிசோதகர் வந்தால், வலக்கை ஜிப்பை இடக்கையால் இழுத்து ஒரே வீச்சில் நீட்டிவிடுவேன். மற்றவர்கள் பை பையாகத் துழாவிக்கொண்டிருப்பார்கள். வாலன் ஏரி ஜன்னலில் ஓட, அந்த நான்கு வினாடி நான் அரசன். பிறகு ரயில் நிலையத்தை ஒட்டியே கேபிள் கார். வாசல். வாள்.

யார் தவறு? என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் அந்த மலைப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மூன்று முறை உறுதிதானா என்று கேட்டவர், ஒரே ஒரு முறை காரணத்தைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவிட்டேனா என்பது மனைவியின் கேள்வி.

துவைப்பது பற்றி ஒரு வார்த்தை. முப்பது டிகிரியில், துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் துவைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு அதைச் சேர்த்துவிட்டேன். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டுகொண்டிருந்த துணி பருத்தித் துண்டுபோல் உறிஞ்ச ஆரம்பித்தது. வெறுமனே இரண்டு முறை அலசி, உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் சுற்றவிட்ட பிறகு பெருமளவு மீண்டது. ஃபுளோரின் சேராத புதுவகைப் பூச்சு நீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. கழுத்துப்பட்டியில் வெயில் களிம்பு பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் இன்றும் நனைகிறது.

போன மாதம் பழுதானது எது தெரியுமா? அதே பாக்கெட்டின் ஜிப். நான் வலப்பக்கமாக விழுகிறவன். பட்டறையிலிருந்து இரண்டு வழிகள் எழுதியிருந்தார்கள்: ஜிப்பை மட்டும் மாற்ற 35 ஃபிராங்க், வலப்பக்கத்தை மூடிவிட்டு இடது முன்கையில் புதிதாகத் திறந்து தைக்க 90 ஃபிராங்க், பழைய ஊசித் துளைகள் தெரியும். இரவெல்லாம் யோசித்து, ஜிப்பை மட்டும் மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஜாக்கெட் வந்த பெட்டியில் அந்த அம்மாளின் கையெழுத்தில் ஒரு சீட்டு: “உறுதிதானே!” கேள்விக்குறி இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: தைக்கக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஆறடி, ஒல்லி. உங்களை நிற்கவைத்துத்தான் அந்தக் கடைகளே துணி வெட்டுகின்றன. பாதி விலைக்குக் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசில் பிள்ளைகளுக்கு நல்ல கையுறை வாங்குங்கள்.

இதை நேரிலும் சொன்னேன். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவர், சும்மா போட்டுப் பார்க்கிறேன் என்று என் ஜாக்கெட்டை மாட்டினார். கை மணிக்கட்டை எட்டாமலே நின்றுவிட்டது. அட்டைப் பாக்கெட்டைத் திறக்க வலக்கையைக் கொண்டுபோனார். அது வலக்கையிலேயே இருந்தது. மார்புப் பாக்கெட்டுக்கு மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், உள் பாக்கெட்டை இடப்பக்கம் தேடினார். “என்னங்க இது, எதுவுமே கைக்கு வரவில்லையே” என்றார். நான் தேநீர் போடவிருந்ததை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.